பின்சீட்டின் இடது பக்கம்

கருமத்தம்பட்டியிலிருந்து பல்லடம் போகும் வழியில் இருந்த அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு பெரிய கார் வந்து சேர்ந்தது. எந்த ஸ்டேஷன் என்று கேட்க வேண்டாம். எரிசாராயம் கடத்திய ஒருவனிடமிருந்து பிடிபட்ட கார் அது. கேஸ் முடிந்து, ஏலத்தில் கேட்பாரில்லாமல் கிடந்து, கடைசியில் ரோந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலிடம் இங்கே தள்ளிவிட்டது. வெள்ளை நிறம், இரண்டு ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு டிக்கி. ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினால் வால் பக்கம் பாதி ரோட்டில் கிடக்கும்.

அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத போலீஸ்காரர் அங்கே கிடையாது. டிரைவர் பாலகோபாலுக்கு ஜீப்தான் உயிர். "ஜீப்புன்னா சந்து மாதிரி இருக்கற இட்டேரிக்குள்ள உட்டு எடுத்துப்போடலாமுங்க. இதைத் திருப்பறதுக்கே ஒரு ஏக்கரா நெலம் வேணும்" என்பார். கோயமுத்தூர் பாத்திரக்கடைக் குடும்பத்திலிருந்து வந்த கான்ஸ்டபிள் கலீல் ரஹ்மானுக்கு வேறு குறை. ஜீப் நிற்பதற்கு முன்பே பின்பக்கம் குதித்துத் திருடனைத் துரத்திப் பழகியவன் அவன். "இதுக்குள்ள உக்காந்தா மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரியே இருக்குதுங்க. எறங்கறதுக்குள்ள திருடன் திருப்பூர் போயிருவான்" என்று சிரிப்பான்.

சப்-இன்ஸ்பெக்டர் அன்புக்கரசி கார் கட்சி. அதை ஒளிக்கவும் இல்லை. ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிர் பலகையில் குடிகாரர்களின் முழங்காலோடு முழங்கால் இடிக்க அவள் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். ஒருமுறை ஒருவன் அவள் மடியிலேயே வாந்தி எடுத்தான். இழுத்துச் சாத்தக் கதவு உள்ள வண்டி ஒன்று வந்ததில் அவளுக்கு நிம்மதி. ஆம்பிளைகள் ஜீப்பைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் அவளுக்கு எரிச்சல்தான் வரும்.

இன்ஸ்பெக்டர் லட்சுமணசாமியின் சந்தோஷமோ தனி. அதற்குக் காரணம் உட்காரும் இடம். ஜீப்பில் அதிகாரிக்கு டிரைவர் பக்கத்து சீட்டு. காரில் அதிகாரிக்குப் பின்சீட்டு, இடது பக்கம். இதை எந்த விதிமுறையிலும் யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். காரில் பின்னால் சாய்ந்து வரும் பெரிய அதிகாரிகளுக்குக் கதவு திறந்துவிட்டே தலை நரைத்தவர் லட்சுமணசாமி. இப்போது அவருக்கு ஒருத்தர் திறந்துவிட வேண்டும். வந்த அன்றே சீட்டின் முதுகில் விரிக்க வெள்ளைத் துண்டு வாங்கி வரச் சொன்னார்.

குற்றவாளிகளையும் அதே காரில்தான் ஏற்ற வேண்டும் என்பதால், ஓடுகிற வண்டியில் எவனும் திறந்துகொண்டு குதித்துவிடக் கூடாதென்று பின்கதவுகளின் உள்பக்கக் கைப்பிடிகளையும், கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடிகளையும் கழற்றிவிட ஏற்பாடானது. பாலகோபால் ஸ்பானரோடு நின்று கேட்டார்.

"ஐயா உக்கார்ற பக்கம் மட்டும் உட்டுரட்டுங்களா?"

"நான் என்னைக்கப்பா கதவைத் தொட்டேன்? கழட்டு" என்றார் இன்ஸ்பெக்டர். அதையும் கழற்றினார்கள். பின்சீட்டில் ஏறினால் வெளியிலிருந்து யாராவது திறந்துவிட்டால்தான் இறங்க முடியும் என்று ஆயிற்று.

அந்த மாதத்தில்தான் ரூபன் விவகாரம் நடந்தது. நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லும் தறிக்குடோன்களும் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் ரூபன் தறி ஓட்டினான். அவன் அம்மா மாரியாத்தாள் அதே குடோனில் தறிக்கு நூல்தார் சுற்றினாள். முதலாளி வீட்டுக் குடத்தில் மொண்டு தண்ணீர் குடித்துவிட்டாள் என்று முதலாளியின் தம்பி செருப்பைக் கழற்றி அவள் முகத்தில் அடித்தான். எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூபன் தறியை நிறுத்தினான். மூலையில் கிடந்த இரும்பு ராடை எடுத்து வந்து அவன் மண்டையில் போட்டான். விழுந்தவன் எழப் பார்த்தபோது இன்னொன்றும் போட்டான். அவன் எழவில்லை.

ரூபன் ஓடிப்போனான். முதலாளியின் ஆட்கள் மாரியாத்தாளின் வீட்டுக் கூரையைப் பிய்த்தார்கள். அவள் வளர்த்த வெள்ளாட்டின் தலையைச் சீவி வாசற்படியில் வைத்து, அடுத்தது உன் மகன் தலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்டேஷனுக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்கள். போலீஸ் பிடித்தாலும் கோர்ட்டு வாசலை மிதிக்க விடமாட்டோம் என்றார்கள்.

மகன் ஒளிந்திருக்கும் இடம் மாரியாத்தாளுக்குத் தெரியும் என்பது அன்புக்கரசிக்குத் தெரியும். போய், பிய்ந்த கூரைக்குக் கீழே அவளோடு தரையில் உட்கார்ந்தாள்.

"அவிங்க கையில சிக்குறதுக்கு முன்னாடி எங்க கையில சிக்கோணுமுங்கம்மா. செயிலுக்குப் போனாலும் உசுரு இருக்கும்."

"கூட்டீட்டுப் போற வழியில எதாச்சும் பண்ணிப்போட்டாங்கன்னா?"

"உசுரோட கோர்ட்டுல நிறுத்தறது எம்பொறுப்பு. என்னை நம்புங்க."

மாரியாத்தாள் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, ஒரு தென்னந்தோப்பின் மோட்டார் ரூம் எங்கே இருக்கிறதென்று சொன்னாள். "போலீசை நம்பிச் சொல்லலீங்க. உங்களை நம்பித்தான் சொல்றேன் அம்மணி" என்றாள். அன்று சாயங்காலமே அன்புக்கரசி ரூபனைக் கொண்டுவந்து லாக்கப்பில் வைத்தாள்.

மறுநாள் காலை பல்லடம் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். ஜீப்பும் பாதிப்பேரும் கோயில் தேர் நோம்பிப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். இருந்தது கார்தான், அது அவளுக்கு ஒருவிதத்தில் தைரியமாகவே இருந்தது. நாலு பக்கமும் திறந்து கிடக்கும் ஜீப்பை விட, கதவு சாத்திய காருக்குள் எட்டி வெட்டுவது கஷ்டம். பின்சீட்டில் ரூபன் நடுவில், வலது பக்கம் கலீல், இடது பக்கம் தான். யார் கதவைத் திறந்தாலும் முதலில் காக்கிச்சட்டை மேல்தான் கை வைக்க வேண்டும். கைதியை எப்போதும் நடுவில் வைப்பது போலீஸ் வேலையில் அரிச்சுவடி.

வண்டி கிளம்புகிற நேரத்தில் லட்சுமணசாமி வந்தார். சவரம் செய்து, சட்டைக்குக் கஞ்சி போட்டு, பவுடர் வாசனையோடு வந்தார். கொலைக் குற்றவாளி பிடிபட்டதைப் படம் எடுக்கக் கோர்ட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள் நிற்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நானும் வாரேன். அந்த ரிவால்வரை இங்க குடும்மா."

அன்புக்கரசி கொடுத்தாள். பாலகோபால் பின்கதவைத் திறந்து பிடித்தார். இன்ஸ்பெக்டர் இடது பக்கம் ஏறி வெள்ளைத் துண்டில் சாய்ந்தார். பக்கத்தில் ரூபன். மோட்டார் ரூம் எண்ணெயும் பல நாள் வியர்வையும் அவன் மேல் நாறின. இன்ஸ்பெக்டர் மூக்கைச் சுளித்தார்.

"இவனை எம்மேல ஒரசிக்கிட்டு வர உடுவீங்களா? கலீலு, நீ நடுவுல வா. அவனை அக்கட்டால தள்ளு."

"ஐயா, அக்யூஸ்டைச் சன்னலோரம் வெக்க வேண்டாமுங்க" என்றாள் அன்புக்கரசி. "நடுவுலயே இருக்கட்டும்."

"அப்ப நான் எங்க உக்கார்றது? டிரைவர் பக்கத்துலயா?"

டிரைவர் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே உட்கார்ந்து போனால் கோர்ட்டு வாசலில் எஸ்.ஐ. பின்சீட்டிலிருந்தும் இன்ஸ்பெக்டர் முன்சீட்டிலிருந்தும் இறங்க வேண்டிவரும். அப்படி ஒரு காட்சி அந்த ஜில்லாவில் நடந்ததில்லை. இன்ஸ்பெக்டர் அவளை முறைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டு முன்னால் போய் ஏறினாள்.

விலங்கை மாற்றிப் பூட்டினார்கள். கலீல் நடுவுக்கு வந்ததால் ரூபனின் இடது கையோடு அவனுடைய வலது கை பிணைந்தது. சாவியை இன்ஸ்பெக்டர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வலது பக்கக் கண்ணாடி பாதி இறங்கியபடி இருந்தது. ஏற்றக் கைப்பிடி இல்லை. ரூபன் அந்தக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். சோளக்காடும் கோழிப்பண்ணைகளும் ஓடின.

"ஏனுங்க மேடம், எங்கம்மா கோர்ட்டுக்கு வருமுங்களா?"

"வரும். மொத பஸ்ஸுக்கே போயிருக்கும்."

"பேசிக்கிட்டு வராதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

கோழி ஏற்றிய வேன் ஒன்று பின்னால் வந்தது. அந்த ரோட்டில் கோழி வேன் வருவது அதிசயமில்லை. ஹாரன் அடித்து வலது பக்கம் ஏறி, காரோடு கூடவே கொஞ்ச தூரம் ஓடியது. வேனில் இருந்தவன் காருக்குள் குனிந்து பார்த்தான். வெள்ளைத் துண்டில் சாய்ந்த அதிகாரியையும் நடுவில் போலீஸ்காரனையும் இந்தப் பக்கச் சன்னலில் முகத்தைக் காட்டிக்கொண்டு வரும் ரூபனையும் பார்த்தான். வேன் முன்னால் போய், ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது.

பாலகோபால் பிரேக்கை மிதித்தார். "ஆளுங்க, ஆளுங்க" என்று சொல்லிக்கொண்டே ரிவர்ஸ் போட்டார். ஜீப்பாக இருந்தால் ஓரத்துச் சோளக்காட்டில் இறக்கி ஓட்டியிருப்பார். அந்த நீளமான வண்டி பின்னால் போன வேகத்தில் திரும்ப முடியாமல் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இடித்து நின்றுபோனது. கோழிக் கூடைகளைத் தள்ளிக்கொண்டு நாலைந்து பேர் வேனிலிருந்து குதித்தார்கள். கூடைகள் உடைந்து கோழிகள் ரோடெல்லாம் சிதறின. ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் காரைச் சுற்றி வந்து தேடவில்லை. நேராக ரூபனின் சன்னலுக்கு வந்தார்கள்.

முதல் வெட்டு பாதி இறங்கிய கண்ணாடிக்கு மேலாக உள்ளே வந்து ரூபனின் தோளில் இறங்கியது. அவன் வலது கையைத் தூக்கினான். அடுத்த வெட்டில் உள்ளங்கை பிளந்தது. கலீல் தடியை எடுக்கப் போனான். அவனுடைய வலது கைதான் விலங்கில் இருந்தது. இடது கையால் ரூபனின் கழுத்தை வளைத்துத் தன் பக்கம் இழுத்தான். அதற்குள் இன்னொருவன் வெளிக்கைப்பிடியைத் திருகி அந்தக் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே இருப்பவர்களால் திறக்க முடியாத கதவு வெளியிலிருந்து வருகிறவனுக்குச் சுலபமாகத் திறந்தது. முன்பக்கம் பாலகோபால் இறங்கப் பார்த்தபோது தலையில் ஒரு இரும்புக் கம்பி விழுந்தது. அவர் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்தார்.

அன்புக்கரசி இடது பக்கமாக இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். இன்ஸ்பெக்டர் கைப்பிடி இருந்த இடத்தின் ஓட்டையை விரலால் நோண்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்தும் அவர் இறங்கவில்லை. மலங்க மலங்க விழித்துக்கொண்டு வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் கலீல், கலீலைத் தாண்டித்தான் ரூபன்.

"ஐயா, எறங்குங்க."

அவர் அசையவில்லை. அவள் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். நட்சத்திரத்தோடு தோள்பட்டி கிழிந்து கையோடு வந்தது. இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்து ரோட்டில் தள்ளினாள். வெள்ளைத் துண்டும் அவரோடு விழுந்தது. ஒரு மேலதிகாரியை அடித்து இழுத்துப் போடுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. வந்திருந்தால் இன்னும் ஓங்கி இழுத்திருப்பாள்.

பிறகு கலீலின் பெல்ட்டைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தாள். அந்தப் பக்கம் அவர்கள் ரூபனின் காலைப் பிடித்து இழுத்தார்கள். நடுவில் விலங்கு. கலீலின் மணிக்கட்டு எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. "உடாதீங்க மேடம், உடாதீங்க" என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். விலங்கை அறுக்கப் பார்த்தார்களோ, கையை அறுக்கப் பார்த்தார்களோ, ஒரு வெட்டில் கலீலின் இரண்டு விரல்கள் சீட்டில் விழுந்தன. அடுத்தது ரூபனின் கழுத்தில் விழுந்தது. ரத்தம் காரின் கூரை வரை அடித்தது.

அன்புக்கரசி குனிந்தாள். ரோட்டில் மல்லாந்து கிடந்த இன்ஸ்பெக்டரின் இடுப்பிலிருந்து ரிவால்வரை உருவினாள். காருக்குள் கையை நீட்டி, கலீலின் தலைக்கு மேலாக, அந்தப் பக்கம் அரிவாளை ஓங்கியவனின் நெஞ்சில் சுட்டாள். அவன் உட்கார்ந்த மாதிரி சரிந்தான். மறுபடியும் மறுபடியும் சுட்டாள். ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். மற்றவர்கள் இரண்டு பேரையும் வாரிப்போட்டுக்கொண்டு வேனில் ஏறினார்கள். கோழிகளை நசுக்கிக்கொண்டு வேன் பறந்தது. அவள் குண்டு தீர்ந்த ரிவால்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பாலகோபால் ஒரு கையால் தலையைப் பொத்திக்கொண்டு வண்டியை எடுத்தார். ரூபனின் தலை கலீலின் மடியில் கிடந்தது. விலங்கைத் திறக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அன்புக்கரசி கால் வைக்கிற இடத்தில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவன் கழுத்தை அழுத்திக்கொண்டு வந்தாள். "தூங்காதே கண்ணு, ஊர் வந்துருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். பல்லடத்தின் முதல் வீடுகள் தெரிந்தபோது அவள் விரல்களுக்கடியில் துடிப்பு நின்றுபோனது.

மாரியாத்தாள் கோர்ட்டு வாசலில் மத்தியானம் வரை காத்திருந்தாள். அதற்கப்புறம்தான் யாரோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

விசாரணைக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவர் கேட்டதெல்லாம் காரைப் பற்றித்தான். ரோந்துக்கு இவ்வளவு பெரிய கார் பொருத்தமா என்று ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டார். தலையில் கட்டோடு வந்த பாலகோபால், ஜீப்பாக இருந்தால் காட்டில் இறக்கித் தப்பியிருக்கலாம் என்றார், அதில் பொய்யில்லை. லட்சுமணசாமி, கார் நல்ல கார், கைப்பிடியைக் கழற்றியது டிரைவரின் அதிகப்பிரசங்கித்தனம் என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைத் தொங்கவிட்டுப் படுத்திருந்த கலீல், "எந்த வண்டியானா என்னங்க, விலங்குச் சாவி எங்கிட்ட இருந்திருக்கோணும்" என்று மட்டும் சொன்னான்.

அன்புக்கரசியின் முறை வந்தது. வண்டியால்தான் இப்படி ஆனது என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது, கிழிந்த தோள்பட்டி விஷயத்தையும் விட்டுவிடலாம் என்று அதிகாரி ஜாடையாகச் சொன்னார்.

"வண்டி மேல தப்பில்லைங்க சார். இன்ஸ்பெக்டர் ஐயா உக்காரோணும்னு அந்தப் பையனைச் சன்னலுக்குத் தள்ளுனாங்க. அதனாலதான் செத்தான்."

"ஒரு சீட்டுக்காக ஒருத்தன் செத்தான்னு நான் மேல எழுதி அனுப்பறதா?"

"ஆமாங்க சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். ரோந்துப் பணிக்குப் பெரிய கார் ஏற்றதல்ல என்று முடிவாகி, காரை எங்கேயோ கொண்டுபோனார்கள். ரோந்துக்கு மறுபடியும் ஜீப்பே போனது. லட்சுமணசாமி டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். மேலதிகாரியைத் தாக்கியதற்காக அன்புக்கரசி சஸ்பெண்ட் ஆனாள்.

ஆர்டரை வாங்கிக்கொண்டு அவள் நேரே மாரியாத்தாளின் வீட்டுக்குப் போனாள். கூரை இன்னும் வேயப்படவில்லை. மாரியாத்தாள் அவளைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் விட்டாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அன்புக்கரசி எதிர்பார்த்துத்தான் போனாள். தூற்றினால் தேவலை என்றே இருந்தது.

"வாங்க அம்மணி" என்றாள் மாரியாத்தாள். "டிரைவர் வந்து சொன்னாருங்க. எம்பையன் சன்னலோரம் காத்து வாங்கிட்டு வந்தானாமா. பஸ்ஸுல போனா எப்பவும் சன்னலோரந்தான் வேணும்பான், சின்னதுல அழுது பொரண்டு எடம் புடிப்பான். செயிலுக்குப் போற பையனுக்கு அந்த எடத்தைக் குடுக்கோணும்னு உங்களுக்குத் தோணிச்சே. நீங்க நல்லாருக்கோணும்."

அன்புக்கரசி பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"இல்லீங்கம்மா. அந்த எடத்துல உக்கார வெச்சதுனாலதான் வெட்டுனாங்க. நடுவுல உக்கார வெச்சிருந்தா பொழைச்சிருப்பான். இன்ஸ்பெக்டர் அவரு எடத்துல உக்காரோணும்னு இவனை அங்க தள்ளிப்போட்டாரு."

மாரியாத்தாள் நிமிர்ந்தாள். "உங்களுக்கு அது தெரியுமுங்களா அப்பவே?"

"தெரியுமுங்க."

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. ஒருக்காச் சொன்னேன்."

மாரியாத்தாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல் கேட்டாள்.

"ஒருக்காத்தானுங்களா?"